மூன்றரை மைல் கால்வாய்: தாது வருஷப் பஞ்சத்தில் ஒங்கோல் சபை

பக்கிங்ஹாம் கால்வாயைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்தான் நிற்கின்றன. பாலத்தில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். அந்தக் கால்வாய் வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் வரை போகிறது என்பதும், அதன் பல பகுதிகளை 1876-78 பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாதவர்கள் வெட்டினார்கள் என்பதும் பலர் கவனிக்காத சங்கதி. ஒங்கோலுக்குக் கிழக்கே கடலோரமாக மூன்றரை மைல் நீளத்தை வெட்டிக் கொடுக்கக் காண்ட்ராக்ட் எடுத்தவர் ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி.

இந்த ஆய்வு அந்த மூன்றரை மைலைப் பற்றியது. துன்பகாலத்தில் விசுவாசிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் இருப்பதா, வெளியே வந்து உதவுவதா என்று பேச்சு வரும்போதெல்லாம், "வெளியே வந்தார்கள்" என்று ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்து முடித்துவிடுகிறோம். வெளியே வந்தவர்கள் என்ன வேலையைக் கையில் எடுத்தார்கள், கூலி யார் கையால் போனது, பதிலுக்கு எதைக் கேட்டார்கள், எதைக் கேட்க மறுத்தார்கள் என்று பார்க்கப் போனால்தான் விஷயம் பிடிபடும். ஒங்கோலில் அப்படிப் பார்க்க நிறையவே இருக்கிறது.

ஆளும் ஊரும்

அந்த மிஷனரியான ஜான் எவரெட் கிளஃப் 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால், பதின்வயதிலேயே மினசோட்டா பக்கம் அரசாங்க நில அளவைக் குழுவில் வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து அளப்பதும், மட்டம் பார்ப்பதும், கூலியாட்களை வைத்து வேலை வாங்குவதும் அவருக்கு வேதாகமக் கல்விக்கு முன்பே வந்துவிட்டவை. மிஷனரி வரலாறுகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். எனக்கென்னவோ கதையின் அச்சாணியே இதுதான் என்று படுகிறது.

1865-ல் சென்னைக்கு வந்து, நெல்லூரில் தெலுங்கு படித்து, 1866-ல் ஒங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1-ம் தேதி எட்டுப் பேரோடு சபை தொடங்கியது. அந்த மிஷனுக்கு அதுவரை பெரிய பெயர் ஒன்றும் இல்லை. பலன் இல்லாத இடத்தில் பணத்தைப் போடுவானேன், மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் ஒரு தடவைக்கு மேல் விவாதித்திருக்கிறார்கள்.

சபையைத் திசை திருப்பியவர் எர்ரகுண்ட்ல பெரய்யா. மாதிகர் சமூகத்தவர். தோல் பதனிடுவதும் செருப்பு தைப்பதும் பறை அடிப்பதும் அந்தச் சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட தொழில்கள். தமிழகத்து அருந்ததியரோடு வேர்த் தொடர்பு உள்ளவர்கள். பெரய்யா தோல் வாங்க ஏலூர்ப் பக்கம் போன இடத்தில் கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்டார். திரும்பி வந்து தன் ஜனங்களிடம் சொன்னார். அப்புறம்தான் கிளஃப்பைச் சந்தித்தார். அதாவது, மிஷனரி போய்ச் சேருமுன்பே செய்தி கிராமத்துக்குள் போய்விட்டது.

மாதிகர்கள் வரத் தொடங்கியதும் ஒங்கோலில் சிக்கல் ஆரம்பமானது. மிஷன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மேல்சாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெற்றோர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாத அந்த நேரத்தில் கிளஃப் ஓர் அறையிலும் அவர் மனைவி வேறிடத்திலுமாக வேதத்தைத் திறந்தபோது இருவர் கண்ணிலும் பட்டது ஒரே பகுதி என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம், முதல் அதிகாரம்: "மாம்சத்தின்படி ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை." மாதிகர்களைக் கைவிடுவதில்லை என்று முடிவாயிற்று. பஞ்சம் வந்தபோது சபை யார் பக்கம் நிற்கும் என்பது ஏறக்குறைய பத்து வருடம் முன்பே தீர்மானமாகிவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன். நெருக்கடி நேரத்தில் எடுக்கும் முடிவுகளில் பாதி ஏற்கெனவே எடுத்தவைதான்.

சேர்ந்தவர்களுக்குக் கிளஃப் வைத்தவை மூன்றே விதிகள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. எளிமையாகத் தெரியும். ஆனால் ஊர்ப் பண்ணையாருக்கு வருடம் முழுக்க வேலைக்குக் கட்டுப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்பதும், திருவிழாவுக்குப் பறை அடிக்க மறுப்பதும், செத்த மாட்டை வாங்கிக்கொள்ள மறுப்பதும் அந்த ஊர் ஒழுங்கையே அசைப்பவை. கிணற்றில் தண்ணீர் மறுத்தார்கள், வேலை மறுத்தார்கள். பஞ்சத்துக்கு முன்பே மூவாயிரத்துக்கு மேல் சபையில் சேர்ந்திருந்தார்கள் என்றால் இத்தனையையும் தாங்கிக்கொண்டுதான்.

பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. தமிழில் தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் என்று தக்காணம் முழுக்க அடித்த பஞ்சம். செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது ஒரு கணக்கு. அதற்கும் மேல் சொல்பவர்கள் உண்டு.

தானியம் அடியோடு இல்லாமல் போகவில்லை என்பதுதான் கொடுமை. கப்பலில் வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் அடுக்கிக் கிடந்தன. வாங்கக் காசு இல்லாத சனம் செத்தது. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்ற சித்தாந்தம் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் கோலோச்சியது. 1877 ஜனவரி 1-ம் தேதி, பஞ்சம் நடுவீட்டுக்கு வந்துவிட்ட நேரத்தில், விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்தினார். அதே மாதம் செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். அவர் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தானியமும் ஓர் அணாவும். பகல் முழுக்க மண் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பிறகு அந்த வருடமே கூலியைக் கூட்ட வேண்டி வந்தது. இடையில் போன உயிர்களுக்கு யார் கணக்கு?

நிவாரணம் இரண்டு வகை. நடமாட முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டி. கைகால் ஓடுகிறவர்களுக்கு மண்வேலை. பக்கிங்ஹாம் கால்வாய் அந்த இரண்டாம் வகை. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் பின்பு அதற்கு நிலைத்தது.

காண்ட்ராக்ட்

இப்போது ஒங்கோல் சபையின் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன? மிஷன் வளாகத்துக்குள் இருக்கிற விசுவாசிகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை சர்க்காரிடம் விட்டிருக்கலாம். அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிக் காசு வரவழைத்து, வாசலில் வந்து நிற்கிறவனுக்கு அணா அணாவாகக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவும் செய்தார்கள். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவர்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள். தர்மம் செய்து கட்டுப்படியாகிற எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

கிளஃப் சர்க்காரிடம் போய்க் கால்வாயில் ஒரு துண்டைக் காண்ட்ராக்டாகக் கேட்டார். மூன்றரை மைல் கிடைத்தது. ரஜுபாலம் என்ற இடத்தில் முகாம் போட்டார். பனையோலைக் குடிசைகள் எழுந்தன. வேலைக்கு வந்தவர்கள் சுமார் 3,000 பேர். மேஸ்திரிகளாக நின்றவர்கள் சபையின் உபதேசிமார், முப்பது பேர் அளவில். அப்படியானால் ஆளுக்கு நூறு பேர் வீதம் வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊரில் நூறு நாள் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்வேலையில் கூலி போவதும் நிற்பதும் அளக்கிறவர் கையில். எத்தனை அடி ஆழம், எத்தனை அடி அகலம், யார் வந்தார், யார் வரவில்லை என்பதை எழுதுகிற ஆள் நினைத்தால் பாதிக் கூலியை விழுங்கலாம். ஒரு நாள் கூலி தவறினால் மறுநாள் எழுந்து நிற்க முடியாத பஞ்சகாலத்தில், மேஸ்திரியின் நாணயம் என்பது உயிர் சங்கதி. அந்த இடத்தில்தான் கிளஃப் தன் உபதேசிமாரை நிறுத்தினார். பிரசங்க மேடையை விட்டு இறக்கி, அளவுகோலும் கணக்கு நோட்டும் கொடுத்து நிறுத்தினார் என்று சொல்லலாம். நில அளவை தெரிந்தவர் தலைமையில் இருந்ததால், சர்க்கார் எஞ்சினீயரிடம் வேலையை ஒப்படைக்கும்போதும் கணக்கில் கோளாறு வராது.

இந்த உபதேசிமாரில் பெரும்பாலோர் மாதிகர்கள். அவர்கள் குடும்பமும் அதே பஞ்சத்தில்தான் இருந்தது. "மிஷனரி உதவினார்" என்று எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. முப்பது பேர் நடுவெயிலில் நின்று, செத்துக்கொண்டிருக்கிற தங்கள் சனத்திடமே வேலை வாங்கி, அந்தக் கூலி குறையாமல் அவர்கள் கைக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார்கள். அதிகாரம் என்பது தலைமுறை தலைமுறையாகத் தங்கள் முதுகில் விழுந்த அடியாக மட்டுமே தெரிந்தவர்கள், முதன்முதலாக அதிகாரத்தைக் கையில் பிடித்து நிற்கிறார்கள். அதை எப்படிக் கையாண்டார்கள் என்பது, ஆற்றங்கரையில் பின்னால் நடந்த ஞானஸ்நானங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வந்தவர்களில் பலர் மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள். தோல் வேலை செய்த கைகள். கொப்புளம் போட்டு உரிந்தன. மத்தியானம் வேலை நிற்கும்போது கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். மேஸ்திரியும் கூட உட்காருவார். பேச்சு வரும். உபதேசிமார் திரும்பத் திரும்பச் சொன்ன வசனம் ஒன்று. தெலுங்கில் சொன்னார்கள். நமக்குப் பழக்கமான தமிழில் அது இப்படி இருக்கும்: "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." தலையில் சும்மாடு காயாத ஆளிடம் இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களுக்குப் பதில் வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நூறு மைல் சுற்றளவில் கிராமம் கிராமமாக, ரஜுபாலத்தில் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறது, மேஸ்திரிகள் நம்ம ஆட்கள், அடிக்க மாட்டார்கள் என்ற பேச்சுப் பரவியது.

பூட்டிய கதவு

ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். கிளஃப் மறுத்தார்.

பஞ்சம் தீருகிற வரைக்கும் யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்பது முடிவு. அப்படிப் பதினைந்து மாதம் ஓடியது. பசி வந்திடப் பத்தும் பறந்து போம் என்பது நம் ஔவை வாக்கு. பசித்தவன் எதை வேண்டுமானாலும் நம்புகிறேன் என்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சம்மதத்தை வாங்கிக்கொள்கிறவனைக் குறை சொல்லலாம். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற கேலி அந்தக் காலத்து மிஷனரிகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கிளஃப் பயந்தது கேலிக்கு மட்டும் அல்ல. பஞ்சம் முடிந்ததும் சபை கலைந்துவிடும் என்ற பயமும் இருந்திருக்கும்.

காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு நல்லதாக அமைந்தது. கூலிக்கும் சபைக்கும் நடுவில் ஒரு சுவர் எழுந்தது. வேலை கேட்டு வந்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் வேலை உண்டு. சபையில் சேருகிறேன் என்று சொல்லி மேஸ்திரியிடம் சலுகை வாங்க வழியில்லை. ஏனென்றால் சேரவே முடியாது. நம்பிக்கை சார்ந்த நிறுவனங்கள் நிவாரணப் பணியில் இறங்கும்போது "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை" என்று அறிக்கை விடுவது வழக்கம். ஒங்கோலில் அறிக்கை ஒன்றும் இல்லை, நடைமுறை இருந்தது.

இதே பஞ்சத்தில் திருநெல்வேலியில் நடந்தது வேறு மாதிரி. அங்கே கால்டுவெல் இருந்தார், 1877-ல்தான் ஆயராக அபிஷேகம் பெற்றிருந்தார். பஞ்சத்தையொட்டி அவருடைய மிஷனில் மட்டும் சுமார் 30,000 பேர் சேர்ந்தார்கள். வருகிறவன் என்ன நோக்கத்தோடு வருகிறான் என்று நோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை, வந்தபின் போதித்து வளர்ப்பதுதான் நம் வேலை என்கிற போக்கு அவருடையது. கால்டுவெல் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனிதனின் நோக்கம் எப்போதுதான் கலப்படம் இல்லாமல் இருந்திருக்கிறது? இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒங்கோல் பக்கம்தான் நிற்பேன். கொடுக்கிறவன் கையில் கூலியும் இருக்கிறது, சொர்க்கத்தின் சாவியும் இருக்கிறது என்றால், ஒன்றைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

1878 ஜூலை

1878 நடுவில் நிலைமை கொஞ்சம் தேறியது. லண்டன் மாநகரத் தலைவரின் அலுவலகத்தில் திரட்டிய மேன்ஷன் ஹவுஸ் நிதி ஆறு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்து, விதைக்கும் மாட்டுக்கும் கூரைக்கும் என்று மாகாணமெங்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒங்கோல் பக்கத்தில் கிளஃப் வழியாகவும் ஒரு பகுதி போனது.

ஒங்கோலில் அம்மை போட்டிருந்ததால், குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்ற ஊரில் உபதேசிமாரைக் கூடச் சொன்னார். அவர்களோடு ஒரு பெருங்கூட்டமே வந்து இறங்கியது. கொடுக்க வேலையும் இல்லை, பணமும் இல்லை, திரும்பிப் போங்கள் என்றார் கிளஃப். உங்கள் காசு வேண்டாம், கைக் கொப்புளத்தைப் பாருங்கள், உழைத்துச் சாப்பிடுவோம், அடுத்த வெள்ளாமையும் பொய்த்துச் செத்தால் கிறிஸ்தவர்களாகச் சாகிறோம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாகக் கிளஃப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஜூலை 2-ம் தேதி ஞானஸ்நானம் பெற்றவர்கள் 614 பேர். 3-ம் தேதி 2,222 பேர். 4-ம் தேதி 700 பேர். மூன்று நாளில் 3,536. அந்த நடுநாள் எண்தான் உலகம் சுற்றியது. அப்போஸ்தலர் நடபடிகளில் பெந்தெகொஸ்தே நாளில் சேர்ந்த மூவாயிரம் பேரோடு ஒப்பிட்டு மேற்கத்திய மிஷன் வட்டாரம் கொண்டாடியது. ஒரே நாளில் எப்படி முடியும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. முறை எளிதுதான்: ஆறு உபதேசிமார், ஒரு நேரத்தில் இருவர் தண்ணீரில் நிற்பார்கள், அவர்கள் களைத்தால் வேறு இருவர். காலையில் தொடங்கி, வெயில் ஏறியதும் நிறுத்தி, பிற்பகலில் மறுபடி ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை. கரையில் நின்ற கிளஃப் அன்று ஒருவருக்கும் தன் கையால் கொடுக்கவில்லை. அந்த வருடக் கடைசிக்குள் சேர்ந்தவர்கள் தொகை 9,606.

சுவரில் இருந்த விரிசல்கள்

இனி விமரிசனத்துக்கு வரலாம். முதலாவது, பதினைந்து மாதச் சுவர் முழுச் சுவர் அல்ல. ஞானஸ்நானம் இல்லையே தவிர, உபதேசம் நடந்துகொண்டுதான் இருந்தது. சொன்னவர் யார்? கூலியை அளக்கிற அதே மேஸ்திரி. அவர் வசனம் சொல்லும்போது, வேண்டாம் என்று எழுந்துபோகிற தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? கிளஃப்பின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏற்பாட்டில் சந்தேகம் உண்டு. இன்றைய நிவாரண நெறிமுறைகள் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்க ஒப்பாது.

இரண்டாவது, சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சமூகம். கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஒரு பக்கம், ஆவியானவரின் எழுப்புதல் என்ற கொண்டாட்டம் மறு பக்கம். இரண்டுமே மாதிகர்களை ஏதோ ஒன்றுக்கு இழுபட்டுப் போனவர்களாகவே பார்க்கின்றன. செத்த மாட்டைத் தின்ன மாட்டேன், சும்மா வந்து பறை அடிக்க மாட்டேன், என் பிள்ளை படிக்கும் என்று சொல்ல ஒரு இடம் வேண்டும் என்பது போதாத காரணமா? பஞ்சத்தில் ஊர்க்காரர்கள் பலர் தங்களைக் கைவிட்டதையும், யார் தங்களை மனிதராக நடத்தினார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். பார்த்துத் தீர்மானித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பின்தொடர்ச்சி. இதில்தான் உண்மையான தடுமாற்றம். ஒரே வருடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்தால், நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு உபதேசியார் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வாத்தியார் வேண்டும். ராமபட்டணத்தில் இருந்த இறையியல் பள்ளி அந்த வேகத்துக்கு ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்ப முடியவில்லை. கைவிட்டுப் போன கிராமங்களும் இருந்தன. 1880-களில் கம்பம், வினுகொண்டா, நரசராவுபேட்டை என்று களத்தைப் பிரித்துப் புது மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். அப்படியும், ஒரு கிராமத்து விசுவாசி உபதேசியாரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்த நிலை உடனே மாறவில்லை. கால்வாயில் நூறு பேருக்கு ஒரு மேஸ்திரி என்ற விகிதத்தைச் சபையில் அவர்களால் எட்ட முடியவில்லை.